ஓட்டையை அடைத்தவர்களும் "பிறகு" என்று சொன்னவர்களும்



போனிலோ கணினியிலோ "புதிய அப்டேட் வந்திருக்கிறது" என்று ஒரு பெட்டி எழும்பினால், நம்மில் பலர் "பிறகு" என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறோம். டேட்டா போய்விடும் என்ற யோசனை ஒரு பக்கம். போன் ஸ்லோவாகிவிடும் என்ற பயம் மறுபக்கம். "அப்டேட் போட்டால் போட்டோ எல்லாம் அழிந்துபோகும்" என்று அடித்துச் சொல்கிறவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. திருடர்கள், மாணவர்கள், பெரிய கம்பனிகள், அரசாங்கங்கள் என்று பலரும் அதில் வருகிறார்கள். நமது நாடும் ஓரிடத்தில் வருகிறது. இன்றைய பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில், மென்பொருளில் "ஓட்டை" என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுத இருபது கட்டங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்நூறு எழுத்துகள் எழுதிக் கொண்டு வருகிறார். வாங்குகிற லிகிதர் "இது சரிவராது" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் பார்க்காமல் வாங்கிவிட்டால், மிஞ்சிய எழுத்துகள் கட்டத்தைத் தாண்டி, கீழே "அலுவலக உபயோகத்துக்கு மட்டும்" என்ற பகுதிக்குள் போய்விடுகின்றன. அங்கே "இவருக்குப் பணம் கொடுக்கவும்" என்று வந்து விழுந்தால், அடுத்த மேசையில் இருப்பவர் அதை அதிகாரியின் உத்தரவு என்று நினைத்து நிறைவேற்றிவிடுவார். கணினியிலும் இதுதான் நடக்கிறது. ஒரு தகவலுக்கு ஒதுக்கிய நினைவக இடம் நிரம்பி வழிகிறது. வழிந்தது பக்கத்தில் உள்ள கட்டளைகளை மாற்றிவிடுகிறது. ஓட்டைகளில் இது ஒரு வகை. இன்னும் பல வகைகள் உண்டு.

எல்லா மென்பொருளிலும் ஓட்டை இருக்கும். ஆனால் பிரவுசரும் மின்னஞ்சலும் வீட்டின் இரண்டு வாசல்கள். முன்பின் தெரியாதவர் எழுதிய பக்கத்தை பிரவுசர் திறக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கடிதத்தை மின்னஞ்சல் வாங்கி வைக்கிறது. கள்வனுக்கு இதைவிட நல்ல வழி வேறு இல்லை.

1988 நவம்பர் 2

இணையம் அன்று பல்கலைக்கழகங்களையும் ஆய்வுகூடங்களையும் இணைத்த ஒரு சிறிய வலை. ஒருவரை ஒருவர் நம்பிய காலம். அன்று மாலை கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் டப்பன் மொரிஸ் ஒரு நிரலை வலையில் விட்டார். தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு கணினி கணினியாகத் தாவும் நிரல் அது. இன்று அதை "மொரிஸ் புழு" என்கிறார்கள்.

அது நுழைந்த வழிகளில் ஒன்று, செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருள். செண்ட்மெயிலில் பிழை திருத்துபவர்களின் வசதிக்காக ஒரு சோதனை நிலை இருந்தது. அந்த நிலையில், கடிதம் யாருக்கு என்று முகவரி எழுதும் இடத்தில் முகவரிக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதலாம். கணினி அதை அப்படியே செய்யும். வீடு கட்டும்போது மேசன்மார் போய்வர வைத்த பின்கதவு, குடிபுகுந்த பிறகும் பூட்டாமல் கிடந்த மாதிரி. அந்தக் கதவு பல இடங்களில் திறந்தே இருந்தது.

புழு எதையும் அழிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே புகுந்த கணினிக்குள்ளேயே மீண்டும் மீண்டும் புகுந்து அவற்றை மூச்சுத் திணற வைத்தது. அன்று இணையத்தில் இருந்த ஏறக்குறைய 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் இரவிரவாக உட்கார்ந்து செண்ட்மெயிலுக்கு ஒட்டுப் போட்டார்கள்.

இந்தக் கதையில் ஒரு சிறு சம்பவம் உண்டு. மொரிஸின் நண்பர் ஒருவர், புழுவைத் தடுக்கும் வழியைப் பெயர் குறிப்பிடாமல் இணையத்தில் அனுப்பினார். ஆனால் புழுவினாலேயே வலை நெரிசலாகிக் கிடந்ததால் அந்தத் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மருந்து இருந்தது, நோயாளிக்குப் போகும் பாதை அடைபட்டிருந்தது. இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை இதுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதம் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் "செர்ட்" என்ற அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது. ஓட்டை பற்றிய செய்தியைச் சேர்த்து, உரியவர்களுக்குச் சொல்லி, ஒட்டு வந்ததும் அறிவிப்பது அதன் வேலை. நமது நாட்டின் ஸ்ரீலங்கா செர்ட் 2006ஆம் ஆண்டு அதே யோசனையில் உருவானது. மொரிஸுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியால சமூக சேவையும், 10,000 டொலருக்குச் சற்று மேற்பட்ட அபராதமும் விதிக்கப்பட்டன.

1995: ஓட்டையைச் சொன்னால் பரிசு

அடுத்த காட்சி பிரவுசர். 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நெவிகேட்டர் வெளிவந்தது. இணையத்தில் கடன் அட்டை கொடுத்துப் பொருள் வாங்கலாம் என்று மக்களை நம்ப வைத்த பிரவுசர் அது. அட்டை இலக்கத்தை இரகசிய எழுத்தாக மாற்றி அனுப்புவோம், நடுவில் யாரும் வாசிக்க முடியாது என்றார்கள்.

1995 செப்டெம்பரில் பேர்க்லியைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள், இயன் கோல்ட்பேர்க்கும் டேவிட் வாக்னரும், அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். பூட்டின் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாவியை எப்படிச் செய்தார்கள்? சாவி யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். நெட்ஸ்கேப்போ அந்த நேரத்து மணி, நிமிடம், செக்கனையும் கணினிக்குள் ஓடும் நிரல்களின் இலக்கங்கள் இரண்டையும் வைத்துச் சாவியைச் செய்திருந்தது. கடிதம் எப்போது போனது என்று தெரிந்தவனுக்கு மிச்சத்தை ஊகிப்பது பெரிய வேலை இல்லை. சைக்கிள் பூட்டின் இரகசிய எண்ணாகப் பிறந்த வருடத்தை வைத்த மாதிரி.

இங்கேதான் ஒரு திருப்பம். நெட்ஸ்கேப் சில நாட்களிலேயே திருத்திய பதிப்பை வெளியிட்டது. அடுத்த மாதம், 1995 ஒக்டோபரில், தனது அடுத்த பதிப்பில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பணமும் பொருளும் பரிசாகத் தருவோம் என்று அறிவித்தது. பிரவுசருக்கு வந்த முதல் ஓட்டைப் பரிசுத் திட்டம் அது. குறை சொல்கிறவனை எதிரியாகப் பார்க்காமல், அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும் பழக்கம் இந்தத் தொழிலுக்குள் அப்படித்தான் நுழைந்தது. எல்லாக் கம்பனிகளும் அதைக் கற்றுக்கொள்ள இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

1999 முதல் 2001 வரை: கடிதமே கள்வனான காலம்

தொண்ணூறுகளின் கடைசியில் உலகத்தின் பெரும்பாலான அலுவலகங்களில் மைக்ரோசொப்ட்டின் அவுட்லுக் வந்துவிட்டது. கடிதம், முகவரிப் புத்தகம், வேர்ட் எல்லாம் ஒன்றோடொன்று பேசும். மிகவும் வசதி. அந்த வசதிதான் வினையானது.

1999 மார்ச் 26ஆம் திகதி "மெலிசா" வந்தது. ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தால் போதும், அதில் ஒளிந்திருந்த கட்டளை அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிவிடும். தெரிந்த ஆளிடமிருந்து வந்த கடிதம் என்பதால் அவர்களும் திறப்பார்கள். மைக்ரோசொப்ட் உட்படச் சில பெரிய கம்பனிகளே தங்கள் மின்னஞ்சலைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. எழுதிய டேவிட் ஸ்மித் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

2000 மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸில் இருந்து "ஐ லவ் யூ" கிளம்பியது. காதல் கடிதம் என்று பெயர். சாதாரண எழுத்துக் கோப்பு போலத் தெரியும் ஓர் இணைப்பு. உண்மையில் அதன் பெயரின் கடைசியில் அது ஒரு நிரல் என்பதைக் காட்டும் வால் இருந்தது. வின்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்தே காட்டும். மக்கள் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். சில மணித்தியாலங்களில் ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை தனது மின்னஞ்சலை மூடியது. எழுதியவர் ஒரு மாணவர். அவரைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் பொருத்தமான சட்டமே இருக்கவில்லை. அடுத்த மாதம்தான் சட்டம் வந்தது. அதே மாதம் மைக்ரோசொப்ட் அவுட்லுக்குக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. ஆபத்தான வகை இணைப்புகளை இனி திறக்க விடாது. முகவரிப் புத்தகத்தை ஒரு நிரல் தொட்டால் நம்மிடம் கேட்கும்.

"தெரியாத கடிதத்தைத் திறக்காதே" என்ற புத்திமதி அந்தக் காலத்தில் பிறந்தது. ஆனால் அந்தப் புத்திமதியும் போதாது என்று 2001 செப்டெம்பர் 18ஆம் திகதி வந்த "நிம்டா" காட்டியது. அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் கடிதத்தைக் காட்டுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரின் பகுதிகளையே பயன்படுத்தின. பிரவுசரில் ஓர் ஓட்டை. இணைப்பாக வந்த நிரலைப் பாட்டுக் கோப்பு என்று தலைப்பில் பொய் எழுதினால், பிரவுசர் அதை நம்பித் தானாகவே ஓட விடும். ஆகவே இணைப்பைத் தொடவே தேவையில்லை. கடிதத்தை முன்னோட்டத்தில் பார்த்தாலே போதும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். அந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் எப்போது ஒட்டுப் போட்டது தெரியுமா? 2001 மார்ச் 29. நிம்டா வந்ததற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு. மருந்து ஆறு மாதமாகக் கடையில் இருந்தது. வாங்கியவர்கள் குறைவு.

ஏன்? அன்று ஒட்டு தானாக வந்து சேராது. ஒவ்வொருவரும் கம்பனியின் இணையத்தளத்துக்குப் போய், தனது பதிப்பு எது என்று பார்த்து, மெதுவான தொலைபேசி இணைப்பில் இறக்க வேண்டும். கணினி விற்பவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாங்கியவருக்கும் தெரியாது.

2002 முதல் 2004 வரை: முதலாளி விழித்தார்

2002 ஜனவரி 15ஆம் திகதி பில் கேட்ஸ் தனது ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். புதிய வசதியா, பாதுகாப்பா என்று தெரிவு செய்ய வேண்டி வந்தால் பாதுகாப்பைத் தெரிவு செய்யுங்கள் என்பது அதன் சாரம். வின்டோஸ் எழுதும் வேலையை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான பொறியியலாளர்களைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். 2003 ஒக்டோபரில் இருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எல்லா ஒட்டுகளையும் ஒன்றாக வெளியிடும் வழக்கம் தொடங்கியது. அது இன்று வரை நடக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கு ஒரு பின்விளைவு இருந்தது. ஒட்டு வெளியானதும் கள்வர்கள் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். பிறகு, இன்னும் ஒட்டாதவர்களைத் தேடிப் போவார்கள். செவ்வாய்க்கு அடுத்த நாளுக்கு "தாக்குதல் புதன்" என்றே பகிடியாகப் பெயர் வைத்தார்கள்.

உறவுகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் நினைப்பது, "நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது, அப்டேட் போடாவிட்டால் நேற்று மாதிரியே ஓடும்" என்று. உண்மை அதற்கு நேர் எதிரானது. நேற்று அந்த ஓட்டையைத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஓரிருவர். இன்று ஒட்டு வெளியான பிறகு, தேடுகிற எல்லோருக்கும் தெரியும். ஒட்டாத நமது கருவி நேற்று இருந்ததைவிட இன்று அதிக ஆபத்தில் இருக்கிறது. நாம் ஒன்றும் செய்யாமல் இருந்ததாலேயே நிலைமை மாறிவிட்டது.

2004 முதல் 2010 வரை: போட்டி வந்தது

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 2001இல் வந்தது. அடுத்த பதிப்பு 2006இல்தான். போட்டி இல்லாத சந்தையில் ஐந்து வருடத் தூக்கம். 2004 ஜூனில் ஒரு தாக்குதலைத் தொடர்ந்து, அமெரிக்காவின் அரச கணினி அவசர உதவி மையம் வேறு பிரவுசரைப் பயன்படுத்துவதையும் ஒரு தீர்வாகச் சொல்லும் அளவுக்கு நிலைமை வந்தது.

அதே வருடம் நவம்பர் 9ஆம் திகதி பயர்பொக்ஸ் வந்தது. பழைய நெட்ஸ்கேப் தனது நிரலை 1998இல் உலகத்துக்குத் திறந்துவிட்டிருந்தது. அதில் இருந்து வளர்ந்தது இது. அதைச் செய்த மொசில்லா 2004 ஒகஸ்டில், பெரிய ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கு 500 டொலர் என்று அறிவித்தது. நெட்ஸ்கேப்பின் பழைய யோசனை மீண்டும் உயிர் பெற்றது. 2010இல் அந்தத் தொகை 3,000 டொலராக உயர்ந்தது. கூகுளும் அதே வருடம் குரோமுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. மைக்ரோசொப்ட் 2013இல் சேர்ந்தது.

2008 செப்டெம்பர் 2ஆம் திகதி வந்த குரோம் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, "மணல் பெட்டி". பிள்ளை மணலில் விளையாடட்டும், ஆனால் மணல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வேலி போடுவது போல. இணையப் பக்கத்தைக் கையாளும் பகுதியைத் தனியே பிரித்து, கணினியின் மற்றக் கோப்புகளைத் தொட முடியாமல் வைப்பது. கள்வன் ஓர் ஓட்டையால் நுழைந்தாலும் விறாந்தையில்தான் நிற்பான். உள்ளே போக இன்னோர் ஓட்டை வேண்டும்.

இரண்டாவது, நம்மைக் கேட்காமலே தன்னைத் திருத்திக்கொள்வது. ஒட்டு பின்னால் சத்தமில்லாமல் இறங்கும். பிரவுசரை மூடித் திறந்தால் புதியது. 1988இல் வழியில் சிக்கிய மருந்துக்கும், 2001இல் கடையில் தூங்கிய மருந்துக்கும் இருபது வருடம் கழித்துக் கிடைத்த பதில் இதுதான். மனிதன் மறப்பான் என்பதை ஏற்றுக்கொண்டு மென்பொருளை வடிவமைத்தார்கள்.

சொன்ன ஓட்டையைக் கம்பனி உடனே அடைத்ததா? 2010 ஜனவரியில் கூகுள், தன் மீதும் வேறு பல கம்பனிகள் மீதும் தாக்குதல் நடந்ததாக அறிவித்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஓர் ஓட்டை அதில் பயன்பட்டிருந்தது. ஜேர்மனியும் பிரான்சும் தற்காலிகமாக அந்தப் பிரவுசரைத் தவிர்க்கும்படி மக்களுக்குச் சொன்னன. மைக்ரோசொப்ட் இரண்டாவது செவ்வாய்க்குக் காத்திராமல் ஜனவரி 21ஆம் திகதி அவசர ஒட்டை வெளியிட்டது. அந்த ஓட்டை 2009 செப்டெம்பரிலேயே தமக்குத் தெரியும், பெப்ரவரியில் அடைக்க இருந்தோம் என்று அக்கம்பனியே ஒத்துக்கொண்டது. சொன்னவர் சொல்லிவிட்டார். அடைப்பவர் வரிசையில் வைத்தார். கள்வன் முந்திக்கொண்டான்.

2014இல் கூகுள் "புரொஜெக்ட் ஸீரோ" என்ற குழுவை அமைத்தது. யாருடைய மென்பொருளிலும் ஓட்டை தேடுவார்கள். கண்டால் அந்தக் கம்பனிக்கு இரகசியமாகச் சொல்வார்கள். 90 நாள் தவணை. அதற்குள் அடைக்காவிட்டால் உலகத்துக்குச் சொல்லிவிடுவார்கள். இது சரியா என்று பெரிய சர்ச்சை நடந்தது. மக்களை ஆபத்தில் தள்ளுகிறீர்கள் என்றார்கள் சிலர். தவணை இல்லாவிட்டால் நீங்கள் அசையமாட்டீர்கள் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் தவணை வந்த பிறகு கம்பனிகள் வேகமாக அடைத்தன.

2023: ஒரு படமும் ஒரு பாடமும்

2023 செப்டெம்பரில், வெப்பி என்ற பட வகையைத் திறக்கும் ஒரு சிறிய இலவச நிரல் தொகுப்பில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப்பும் 6ஆம் திகதி கூகுளுக்குச் சொன்னார்கள். 11ஆம் திகதி குரோமுக்கு ஒட்டு வந்தது. 12ஆம் திகதி பயர்பொக்ஸுக்கும், மொசில்லாவில் பிறந்த தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளுக்கும் ஒட்டு வந்தது. போட்டிக் கம்பனிகள், ஒரு பல்கலைக்கழகம், ஒரே வாரம். 1995ஐ நினைத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்! அந்த ஓட்டையும் நாம் மேலே பார்த்த படிவக் கதைதான். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுத விட்டது.

2020இல் கூகுள் தனது குரோமின் பெரிய ஓட்டைகளை எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 70 வீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வந்தவை என்று கண்டது. அதனால்தான் அந்தத் தவறையே பெரும்பாலும் செய்ய விடாத ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். ரஸ்ட்டை வளர்த்து எடுத்ததும் மொசில்லாதான். குரோம் 2023 ஒகஸ்டில் இருந்து வாரத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு ஒட்டு வெளியிடுகிறது. ஒட்டு எழுதி முடித்ததற்கும் நமது கையில் வந்து சேர்வதற்கும் இடையில் கள்வனுக்குக் கிடைக்கும் நாட்களைக் குறைப்பதே நோக்கம்.

அதே 2023 ஒகஸ்டில் நமது நாட்டில் என்ன நடந்தது? இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்களை வைத்திருந்த கட்டமைப்பில், தரவுகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் திகதி முதல் ஒகஸ்ட் 26ஆம் திகதி வரையான கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதங்கள் இல்லாமல் போயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு ஒட்டுப் போடுவதை அந்தக் கம்பனி அதே வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தது, நிதிப் பற்றாக்குறையாலும் தீர்மானங்கள் தாமதமானதாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே விளக்கம் கொடுத்தது.

"பிறகு" என்ற பொத்தானை அழுத்துவது வீட்டில் நாம் மட்டுமில்லை. ஒரு நாடும் அழுத்தும்.

நமக்கு என்ன இருக்கிறது?

இன்று வங்கிக் கணக்கு போனில் இருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் வாப்பாமார் அனுப்பும் காசு போனில் தெரிகிறது. பிள்ளைகளின் ஸூம் வகுப்பு, பரீட்சைப் பெறுபேறு, குடும்பப் படங்கள் எல்லாம் அதே கருவியில்தான். ஆகவே சில விடயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று. போனில் பிளே ஸ்டோருக்குள் போய், குரோமையும் ஜிமெயிலையும் தானாக அப்டேட் ஆக விடுங்கள். டேட்டா பிரச்சினை என்றால் வைபை உள்ள இடத்தில் மட்டும் இறங்கும்படி வைக்கலாம். போன் கம்பனி புதிய அன்ட்ராய்ட் தராவிட்டாலும் பிரவுசர் மட்டுமாவது புதிதாக இருக்கும். ஆனால் மிகப் பழைய அன்ட்ராய்ட் என்றால் குரோமும் கைவிட்டுவிடும். அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம்.

இரண்டு. கணினியில் பிரவுசரை நாட்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்கள் அதை ஒரு முறை மூடித் திறங்கள். இறங்கிய ஒட்டு அப்போதுதான் வேலை செய்யும்.

மூன்று. நமது பாடசாலைகளிலும் கடைகளிலும் இன்னும் வின்டோஸ் 7 ஓடும் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒட்டு எதுவும் அதற்கு இல்லை. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. பழைய மாணவர் சங்கங்கள் புதிய கணினி அன்பளிப்புச் செய்யும்போது, இருக்கும் கணினிகளுக்கு லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருவதையும் யோசிக்கலாம். செலவு இல்லை, தெரிந்த ஒரு தம்பியின் இரண்டு நாள் உழைப்புத்தான்.

நான்கு. கள்வர்களும் இந்த வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். "உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்தி அப்டேட் செய்யுங்கள்" என்று ஏதாவது இணையப் பக்கத்திலோ வட்ஸ்அப்பிலோ வந்தால் தொடாதீர்கள். உண்மையான அப்டேட் பிளே ஸ்டோரிலும் கருவியின் செட்டிங்ஸிலும் இருக்கும். வட்ஸ்அப் செய்தியாக வராது.

ஐந்து. காப்புப் பிரதி. முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் இன்னோர் இடத்தில் வைத்திருங்கள். மூன்று மாதக் கடிதங்கள் காணாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வரலாற்றில் பெயர் தெரிந்த சிலரைச் சொன்னோம். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக நிரலின் வரிகளை வாசித்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் வேலை நமது வாசல் வரை வந்து நிற்கிறது. கதவைத் திறந்து உள்ளே எடுப்பது நமது வேலை. இந்தப் பதிவை வாசித்து முடித்த கையோடு உங்கள் போனையும், பிறகு உம்மாவின் போனையும் ஒரு முறை பாருங்கள். தெரியாத இடம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வோம்.